பதினோரு வயதில் கரும்புத் தொட்டில்

எனக்குப் பதினோரு வயது நடக்கும்போது என்னைத் தொட்டிலில் போட்டார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் பெற்ற பிள்ளைகளே, "அம்மா கதை விடுறாங்க" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நார்த்தாமலையில் என்னைப் பார்த்துச் சிரித்த கூட்டத்துக்கு முன்னால் இவர்கள் சிரிப்பு எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

பங்குனி மாதம் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோவிலுக்குப் போனவர்களுக்குக் கரும்புத் தொட்டில் என்றால் தெரியும். பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் தோகை கழிக்காத இரண்டு முழுக் கரும்பைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் நனைத்த சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே கிடத்துவார்கள். தகப்பன் முன்னால், தாய் பின்னால், கரும்பின் இரண்டு முனையும் இரண்டு பேர் தோளில். கோவிலை மூன்று சுற்றுச் சுற்றி வந்து அம்மன் முன்னால் பிள்ளையை இறக்கினால் நேர்த்திக்கடன் தீர்ந்தது. பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு வயது. அது பாட்டுக்கு விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கும். தூக்குகிறவர்களுக்கும் பாரம் தெரியாது.

என் விஷயத்தில் மட்டும் அது பதினோரு வருடம் தள்ளிப்போனது. அதற்குக் காரணம் என் அம்மாவின் வாய்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் நான் பிறந்தேன். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஒன்று இருபது நாளிலும் இன்னொன்று ஐந்து மாதத்திலும் போய்விட்டன. நான் வயிற்றில் இருந்தபோது எங்கள் பக்கம் மழை பொய்த்து, கடலைக் கொல்லை காய்ந்து, அப்பா நாலு பேரோடு நாகப்பட்டினம் போய் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அம்மா பிரசவத்துக்கு ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வலி எடுத்து இரண்டு நாளாகியும் நான் வெளியே வரவில்லையாம். மூன்றாம் நாள் அம்மா நார்த்தாமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள்:

"ஆத்தா, இந்தப் பிள்ளையாச்சும் எனக்குத் தங்கட்டும். நானும் அவரும் சேந்து ஒனக்குக் கரும்புத் தொட்டில் தூக்கிட்டு வாறோம்."

அன்று பொழுது சாய்வதற்குள் நான் பிறந்தேன். தங்கியும் விட்டேன். தூக்க வேண்டிய 'அவர்'தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"தொட்டில் தூக்குறேன்னு பொதுவாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தலையில் அடித்துக்கொள்வார். "சாமிகிட்ட வார்த்தையை அளந்துல்லம்மா விடணும். அவரு எங்கிட்டு இருக்காரு, என்னைக்கு வருவாரு, ஒண்ணும் தெரியாது. அவரையும் எதுக்குச் சேத்த?"

என் முதல் பங்குனியிலேயே மாமா ஒரு வழி பார்த்திருக்கிறார். இரண்டு கரும்பை வாங்கிக்கொண்டு, என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நார்த்தாமலைக்கே போய்விட்டார். தகப்பன் ஊரில் இல்லாவிட்டால் தாய்மாமன் தூக்குவது வழக்கம்தான். பூசாரியும் பிடிவாதக்காரர் இல்லை. "மாமன் தூக்கலாம்மா. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்று சொல்லியிருக்கிறார்.

"அவ கோவிச்சுக்க மாட்டா, எனக்குத் தெரியும்" என்றாளாம் அம்மா. "நான் அவரையும் சேத்துத்தான் சொன்னேன். அவரு வரட்டும்."

மாமாவுக்கு வந்த கோபத்தில் அந்தக் கரும்பைப் புதுக்கோட்டை பஸ்ஸ்டாண்டில் உட்கார்ந்து தானே கடித்துத் தின்றாராம். திரும்பி வரும் வழியில் மறுபடியும், எதற்கு அவரைச் சேர்த்தாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அம்மா சொன்ன பதிலை மாமா பின்னாளில் என்னிடம் சொன்னார். "தெரியாமச் சொன்னேன்னா நெனைக்கிறீங்க அண்ணே? பிள்ளையைக் கேட்டப்பவே அவரையும் சேத்துக் கேட்டுட்டேன். தொட்டில் வேணும்னா ஆத்தா அவரைக் கொண்டாந்துதான ஆகணும்?"

ஆனால் அம்மன் அவசரப்படவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் திரும்ப உள்ளே நுழையப் பெர்மிட் கிடைக்காமல் இங்கேயே நின்றுபோனார்கள் என்று பேச்சு இருந்தது. அந்தப் பயத்தில் அப்பா, அடுத்த வருடம் வருகிறேன், அடுத்த வருடம் வருகிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்பா என்றால் நீல நிற ஏர்மெயில் காகிதம். மடிப்பைப் பிரித்தால் உள்ளே அப்பா இருப்பார், மடித்தால் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுவார்.

ஒவ்வொரு பங்குனியும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நார்த்தாமலைக்குப் போனாள், தவணை கேட்க. "இன்னும் ஒரு வருசம் பொறுத்துக்க ஆத்தா" என்று சொல்லி, என்னைப் பிடித்து முன்னால் நிறுத்துவாள். பிள்ளை பத்திரமாக இருக்கிறது, சரிபார்த்துக்கொள் என்பது மாதிரி இருக்கும். நாலு வயதில் எனக்கு அந்தத் தொட்டில்கள் மேல் ஒரே ஆசை. என்னையும் போடு என்று தரையில் புரண்டு அழுதிருக்கிறேன். "ஒங்கப்பா வரட்டும்" என்றாள் அம்மா. ஏழு வயதில் ஆசை போய்விட்டது. ஒன்பது வயதில் அதை நினைத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்றது. தோகை ஆட ஆட, ஈறு தெரியச் சிரிக்கிற குழந்தைகளைச் சுமந்துகொண்டு வரிசையாகப் போவார்கள். அந்த வரிசையில் பாவாடை சட்டையும் இரட்டைச் சடையுமாக நான் தொங்குவதை நினைத்துப் பார்ப்பேன். அப்பா வரக் கூடாது என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு. அம்மா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரட்டும் வரட்டும் என்று முணுமுணுப்பாள். இந்தப் பக்கம் நான் வராமல் இருக்கட்டும் என்பேன். அம்மன் யார் பேச்சைக் கேட்பாள்?

அம்மாவுக்கு இது விளையாட்டு இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், அவள் முகம் வெளிறிவிடும். கிணற்றுப் படியில் நான் வழுக்கி விழுந்து கை பிசகியபோது, எண்ணெய் போட்டு நீவிவிட்ட வைத்தியரிடம், "சொன்ன சொல்லு பாக்கி நிக்கிதுங்க, அதான்" என்று அழுதாள். முதல் இரண்டையும் பறிகொடுத்தவள். என்னை அம்மன் கொடுத்து வைத்திருப்பதாகவும், தொட்டில் தூக்கும் வரை எந்த நேரமும் திருப்பிக் கேட்கலாம் என்றும் நம்பினாள். ராத்திரி நான் புரண்டு படுத்தால் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். தள்ளிவிடுவேன்.

எனக்குப் பத்து வயது முடிந்த பங்குனியில், தவணை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அம்மாவிடம் ஒரு சொல் சொன்னாள். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இவ வளத்தியைப் பாத்தியா? இன்னைக்கோ நாளைக்கோ வயசுக்கு வந்துட்டான்னு வையி, பெரிய மனுசியான பிள்ளையைத் தொட்டில்ல போட்டுத் தூக்க முடியுமா? அப்பறம் அந்தக் கடன் காலத்துக்கும் நின்னுபோகும்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு வருடம் தவணை கேட்டவளுக்கு, தவணைக்கு ஒரு முடிவு உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் காலையிலேயே போஸ்டாபீஸ் போய் ஏர்மெயில் காகிதம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து கடிதம் எழுதுவதும் வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் என் வேலை.

"எழுது" என்றாள். "பிள்ளை பெரிய பிள்ளையாகப் போறா. வர்ற பங்குனிக்குள்ள தொட்டில் தூக்கலேன்னா இனிமே தூக்கவே முடியாது. பெர்மிட்டு கிர்மிட்டுன்னு சொல்லாம வந்துருங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. இது ஒண்ணுதான் கேக்குறேன்."

நான் தலையைக் குனிந்து எழுதினேன். எழுதியது இதுதான்:

'இந்தப் பங்குனியில் மாமா கரும்புத் தொட்டில் தூக்கிவிட்டார். நேர்த்திக்கடன் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.'

"படி" என்றாள் அம்மா. அவள் சொன்னதை அப்படியே ஒரு எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்க" என்று என் தலையைத் தடவினாள். இன்றைக்கும் அந்தக் கை என் தலையில் இருக்கும் நினைப்பு வந்தால் எனக்குக் கூசும். பொய் சொன்னது மட்டுமில்லை, என்னை நம்பிய ஒருத்தியின் ஒரே கோரிக்கையை அவள் முன்னால் உட்கார்ந்தே அழித்தேன். அன்றைக்கு அது புரியவில்லை. சந்தைக்குப் போன அம்மா வேண்டாததை வாங்கி வந்தால் ஒளித்து வைப்பது போலத்தான் நினைத்தேன். எனக்குப் படித்த பிள்ளை என்ற திமிர் வேறு.

பதில் வருவதற்கு ஆறு வாரம் ஆனது. இரண்டே வரி. 'கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்தேன். இங்குள்ள வேலையை விட்டுவிட்டுத் தை மாதம் ஊருக்கு வந்துவிடுகிறேன்.'

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வர வேண்டாம் என்று எழுதினால் வருகிறேன் என்கிறாரே, என்ன மனிதர்? அம்மா என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியா? நான் சொன்னதை நீ சொன்ன மாதிரியே எழுதுனதுதான். அதான் மனசு எளகிருச்சு" என்றாள்.

தை மாதம் அப்பா வந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குட்டையாக, கறுப்பாக, முன்தலையில் முடி இல்லாமல் இருந்தார். கால்சட்டை போட்டிருந்தார். மாமா போய்க் கட்டிப்பிடித்தார். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் போகவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "இவதானா?" என்று கேட்டார். பெட்டியைத் திறந்து எனக்கென்று ஒரு ரோஸ் கவுன் எடுத்தார். நல்ல சில்க். கழுத்தில் பூவேலை. நாலு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். என் உடம்போடு வைத்துப் பார்த்தவர், கவுனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினொண்ணுன்னு தெரியும்" என்றார் மெதுவாக. "கடையில நிக்கிறப்ப எம்புட்டு ஒசரம்னு கைய வச்சுக் காட்டச் சொன்னான். எனக்குக் காட்டத் தெரியலை."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

நாலைந்து நாள் நான் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். அப்பா என்று கூப்பிடவும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவரும் மாமாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அம்மா பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, பங்குனிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. தொட்டில் தூக்குறதுக்கு ஆக வேண்டியதைப் பாக்கணும்."

அப்பா கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்தார். "தொட்டிலா? அதான் மச்சான்…" என்று ஆரம்பித்தார்.

என் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் கொட்டியது. அப்பா என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் எல்லாமே எழுதி ஒட்டியிருந்திருக்கும். அவர் என்னையே ஒரு நொடி பார்த்தார். பிறகு சோற்றை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"அதான், மச்சான் நல்ல கரும்பாப் பாத்து வாங்கித் தருவாருல்லன்னு கேக்க வந்தேன்" என்றார்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, ஜமாய்ச்சுருவோம்" என்றார் மாமா.

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அடித்திருந்தால் அதோடு போயிருக்கும். அவர் அந்த இரண்டு மாதமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லைக்குப் போவார், வருவார், பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது வாசலில் நின்று பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிவிடுவேன். பொய்யை ஒரு ஆள் சுமப்பது கஷ்டம். இன்னொரு ஆளுக்கும் தெரிந்து அவர் சும்மா இருப்பது அதைவிடக் கஷ்டம்.

மாமாவுக்கு வேறு கவலை. இரண்டு கரும்பு என்னைத் தாங்குமா? திருவிழாவுக்கு முந்தின வாரம் வீட்டு வாசலில் ஒரு பரிசோதனை வைத்தார். என் எடைக்குச் சரியாகக் கடலையைச் சாக்கில் கட்டி, கரும்பில் தொங்கவிட்டு, அவரும் அப்பாவும் தூக்கினார்கள். இரண்டு கரும்பு எழும்பும்போதே முறிந்தது. நாலு கரும்பு நாலு எட்டு தாங்கியது. ஆறு கட்டினார்கள். கடைசியில் எட்டுக் கரும்பைக் கயிற்றுப் புரியால் நெருக்கிக் கட்டிய பிறகுதான் மூட்டை தரையைத் தொடாமல் வாசலைச் சுற்றி வந்தது. தெருப் பிள்ளைகள் முறிந்த கரும்பைப் பொறுக்கித் தின்றுகொண்டு, "மூட்டைக்குத் தொட்டில், மூட்டைக்குத் தொட்டில்" என்று கத்தினார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் காலையில் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். வயசுக்கு வந்துவிடாமல் இந்த ஒரு வாரம் ஓடிவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. எனக்கு வயிறு வலிக்கிறது என்று சொன்னால் அவளுக்கு உயிரே போய்விடும். மாங்காய் தின்று வலித்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நல்ல காரியமாவது செய்தேன்.

அன்றைக்கு ஆலங்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்தோம். எட்டுக் கரும்பும் பஸ் மேலே கிடந்தது, தோகை கண்ணாடிக்கு முன்னால் தொங்கி டிரைவர் சத்தம் போட்டார். புதுக்கோட்டையில் இறங்கித் திருச்சி பஸ் ஏறி, நார்த்தாமலை விலக்கில் இறங்கி நடந்தோம். பால்குடமும் தீச்சட்டியும் காவடியுமாக ரோடு நிறைய ஜனம். பங்குனி வெயிலில் சுற்றிலும் இருந்த பாறைமலைகள் அனலாகக் காய்ந்தன. கோவிலுக்கு முன்னால் மாமா கரும்பைக் கட்டினார். அத்தை மஞ்சள் சேலையை நாலாக மடித்துத் தொங்கவிட்டாள். அப்பா துண்டைச் சும்மாடு மாதிரி மடித்துத் தோளில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கும் ஒன்று வைத்துவிட்டார். பதினோரு வருடம் கழித்து அவர் அவளைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏறும்மா" என்றாள் அம்மா. காலை மடக்கிக்கொண்டு ஏறிப் படுத்தேன். அப்பா பக்கம் என் தலை, அம்மா பக்கம் கால். மாமா, "தூக்கு" என்றார். கரும்பு கிறீச்சிட்டது. நான் தரையை விட்டு எழும்பினேன்.

கூட்டம் சிரித்தது. சிரிக்கத்தான் செய்யும். பக்கத்துத் தொட்டிலில் ஆறு மாதப் பிள்ளை ஒன்று என்னைப் பார்த்து முழித்தது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்போது ஒரு பெண்பிள்ளைக் குரல், "ஐயோ பாவம், இந்தப் பிள்ளைக்குக் கால் வராதா?" என்று கேட்டது. எனக்கு வந்ததே கோபம். ஒரு காலைச் சேலைக்கு வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினேன். கரும்பு சாய்ந்து அம்மா தடுமாறினாள்.

"பிள்ளைக்குக் கால் நல்லாருக்குங்க" என்றார் அப்பா, நடையை நிறுத்தாமல். "தகப்பன்தான் லேட்டா வந்துட்டான்."

சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பெண்பிள்ளை விலகி வழி விட்டு, எங்களைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டாள்.

முதல் சுற்று முடியும்போதே அப்பா சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இரண்டாம் சுற்றில் மாமா பக்கத்தில் ஓடி வந்து, "கொஞ்ச தூரம் நான் மாத்திக்கிறேன் மாப்பிள்ளை" என்று தோளைக் கொடுத்தார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். மூன்றாம் சுற்றில் கோவிலுக்குப் பின்பக்கம் வந்தோம். முன்னால் ஒரு பால்குடக் கூட்டம் கொட்டு அடித்துக்கொண்டு நின்று நின்று போனது. அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்காது. அப்பா திரும்பாமல் பேசினார்.

"கடுதாசி நீதான எழுதுன?"

அவர் பிடரிமயிர் வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "ம்" என்றேன்.

"கையெழுத்து நல்லாருந்துச்சு."

நாலு எட்டு நடந்தார். கொட்டுக்காரர்கள் நிற்க, அவர்களோடு சேர்ந்து தொட்டிலும் நின்றது.

"மாமா தூக்கிட்டாருன்னு எழுதியிருந்தியா. அன்னைக்கு வேலைக்குப் போகலை. அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பத்து வருசமா அடுத்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளிட்டு இருந்தவன், எனக்கு ஊர்ல ஒரு வேலை காத்துக்கிட்டு இருக்குன்னே நெனைச்சிருந்தேன். அதையும் இன்னொரு ஆளு செஞ்சிட்டாரு, இனிமே என்னை யாரும் தேட மாட்டாகன்னு ஆயிருச்சு. மறுநாளே போயிக் கப்பலுக்கு எழுதிக் குடுத்துட்டேன்." மூச்சு வாங்கினார். "ஒங்கம்மா அன்னைக்குத் தொட்டில் தூக்கணும்னு சொன்னப்ப, இன்னும் யாரும் தூக்கலைன்னு தெரிஞ்சப்ப, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

எனக்கு அழுகை முட்டியது. சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அது.

"சொல்ல மாட்டேன்."

பின்னாலிருந்து அம்மா, "என்னங்க, பிள்ளை அழுகுறாளா?" என்று கத்தினாள்.

"வெயிலு" என்றார் அப்பா.

அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா இருந்தவரை, தான் சொல்லி எழுதவைத்த கடிதம்தான் அப்பாவைக் கொண்டுவந்தது என்று எல்லோரிடமும் பெருமை பேசினாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவோம்.

அம்மன் முன்னால் என்னை இறக்கினார்கள். அம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். இரண்டு பிள்ளைகளை இழந்து, மூன்றாவதைப் பதினோரு வருடம் பயந்து பயந்து வளர்த்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இனிமேல் என்னை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசினார். அப்பா ஓரமாக நின்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் அந்த இடத்தில் சிவப்பாக இருந்தது. நான் கையைக் கூப்பினேன். எழுதிய பொய்க்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நின்றேன். கேட்க மனம் வரவில்லை. வருத்தம் இருந்தால்தானே மன்னிப்புக் கேட்க முடியும்?

திரும்பி அப்பாவிடம் போனேன்.

"இன்னொரு சுத்து போலாமாப்பா?" என்று கேட்டேன்.

மாமா வாயைப் பிளந்தார். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "மூணு சுத்துதானடி வழக்கம்" என்றாள்.

"மூணு ஆத்தாளுக்கு" என்றார் அப்பா. "இது எனக்கு." குனிந்து கரும்பின் முனையைப் பிடித்தார். அம்மா மறு முனைக்குப் போனாள். நான் ஏறிப் படுத்தேன், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.